முதல் கேமிங் கணினிக்கு எந்த சேமிப்பகம்? காரைக்குடிக் கடையின் கொட்டேஷனில் இருந்த ஒரு வரியும் ஏழு மாதப் பயன்பாடும்

பள்ளத்தூரில் இருக்கும் என் தமக்கையின் மகன் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது, படிப்புக்கும் விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே கணினியாக வாங்கித் தருவது என்று வீட்டில் முடிவாயிற்று. ஒதுக்கிய தொகை 45,000 ரூபாய். மானிட்டரும் அதற்குள் அடங்க வேண்டும் என்பதால் தனி கிராஃபிக்ஸ் கார்டை ஓராண்டு தள்ளிப் போட்டுவிட்டு, ரைசன் 5 5600ஜி பிராசசர், ஏ520 மதர்போர்டு, 16 ஜிபி ரேம் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்து, காரைக்குடியில் செக்காலை சாலையை ஒட்டியுள்ள ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினோம். பிராசசர், ரேம், பவர் சப்ளை ஆகியவற்றில் குறை சொல்ல ஒன்றுமில்லை. "256 ஜிபி எஸ்எஸ்டி, 1 டிபி ஹார்டு டிஸ்க்" என்று எழுதியிருந்த ஒரு வரியில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. (ஹார்டு டிஸ்க் சுழலும் வட்டில் சேமிப்பது, எஸ்எஸ்டி சுழலும் பகுதி எதுவும் இல்லாமல் சில்லில் சேமிப்பது; டிபி என்ற டெராபைட் ஆயிரம் ஜிபி.) அந்த வரியை ஏன் மாற்றினோம், மாற்றி வாங்கிய டிரைவ் ஏழு மாதங்களாக எப்படி வேலை செய்கிறது, கடைக்காரர் எப்படி நடந்துகொண்டார் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

எஸ்எஸ்டியின் விலை எட்டாத உயரத்தில் இருந்த காலத்தில், விண்டோஸை மட்டும் சிறிய எஸ்எஸ்டியில் வைத்துக்கொண்டு மற்ற அனைத்தையும் ஹார்டு டிஸ்க்கில் போடுவது நல்ல ஏற்பாடாகத்தான் இருந்தது. காலம் மாறிய பின்னும் கொட்டேஷன் தாளில் அந்த வரி மாறவில்லை. 256 ஜிபி என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை விண்டோஸ் 238 ஜிபி என்று காட்டும். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024 என்ற கணக்கில் வகுக்கிறது என்பதைத் தவிர இதில் ஏமாற்று எதுவும் இல்லை. விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது. அதன் மேல் அப்டேட்டுகள், கல்லூரி மென்பொருள்கள், பையனின் கோப்புகள் என்று சேர்ந்தால் நூறு ஜிபி போய்விடும். மிஞ்சுவது ஏறத்தாழ 130 ஜிபி. 2023-இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் 3 விளையாட்டு 150 ஜிபி இடம் கேட்கிறது. அதே ஆண்டில் வந்த ஸ்டார்ஃபீல்ட் 125 ஜிபி கேட்கிறது. இரண்டுமே எஸ்எஸ்டி கட்டாயம் என்று தம் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே சொல்லிவிட்டன. அதற்கு முன்பு ஹார்டு டிஸ்க்கை ஏற்றுக்கொண்டிருந்த சைபர்பங்க் 2077 கூட 2023-இல் தன் குறைந்தபட்சத் தேவையை எஸ்எஸ்டியாக மாற்றிக்கொண்டது. இத்தகைய விளையாட்டுகளை கிராஃபிக்ஸ் கார்டு வந்த பிறகுதான் பையன் விளையாடப் போகிறான் என்றாலும், டிரைவை இன்றைக்கே வாங்கியாக வேண்டும். ஆக, அந்த ஒரு வரியை அப்படியே ஏற்றுக்கொண்டால் விண்டோஸ் விரைவாகத் திறக்கும், ஆனால் கணினியை எதற்காக வாங்கினோமோ அந்த விளையாட்டுகள் எல்லாம் மெதுவான வட்டிலேயே கிடக்கும்.

மெதுவானது என்றால் எவ்வளவு மெதுவானது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரு சுற்றை முடிக்க 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய தகவல் அதைப் படிக்கும் முள்ளுக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றும், முள் அந்தத் தடத்துக்கு நகர்ந்து போக இன்னும் எட்டு, ஒன்பது மில்லி நொடியும் தேவை. அங்கங்கே சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை இவ்வாறு நொடிக்கு எண்பது முறை, அதிகம் போனால் நூறு முறைதான் எடுக்க முடியும். எஸ்எஸ்டியில் இதே வேலை பல்லாயிரம் முறை நடக்கும். திறந்த உலக விளையாட்டில் வண்டியை வேகமாக ஓட்டிச் செல்லும்போது எதிரே கட்டடங்கள் களிமண் உருண்டைகள் போலத் தோன்றிப் பின்னர் மெல்ல முகம் பெறுவதற்கும், திடீரென்று அரை நொடி படம் உறைந்து நிற்பதற்கும் பல சமயம் இந்தத் தாமதமே காரணம். பெரிய படக் கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக நொடிக்கு 150 எம்பிக்கு மேல் படித்துத் தரும் அதே வட்டு, சிதறிய கோப்புகளில் இப்படித் திணறுகிறது என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

கொட்டேஷனில் குறித்திருந்த அந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கை எடுத்துக் காட்டும்படி கேட்டேன். வந்தது கண்காணிப்புக் கேமராவுக்கான வட்டு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் இது வியப்புக்குரியதன்று. பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் என்று எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்குத் தெரு பூட்டிய பெரிய வீடுகள் இருக்கின்றன. உரிமையாளர்கள் சென்னையிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு கைபேசியில் தங்கள் முகப்பையும் வளவையும் (உள்முற்றத்தையும்) பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் இங்குள்ள கடைகளில் மேசைக் கணினிக்கான வட்டைவிடக் கேமராவுக்கான வட்டே எப்போதும் இருப்பில் இருக்கும். அது மட்டமான பொருள் அன்று. இரவும் பகலும் நிற்காமல் பல கேமராக்களின் படத்தை ஒரே சமயத்தில் எழுதிக்கொண்டிருக்கவே அது வடிவமைக்கப்பட்டது. ஓரிடத்தில் படிப்பதில் பிழை வந்தால் அதைத் திரும்பத் திரும்ப முயன்று மீட்பதைவிடப் பதிவு தடைபடாமல் ஓடுவதையே அது முக்கியமாகக் கருதும். கேமரா படத்தில் ஒரு புள்ளி தவறினால் நட்டம் இல்லை. ஆனால் கணினியில் ஒரு கோப்பின் ஒரு துணுக்குத் தவறினாலும் கோப்பே திறக்காது. அத்துடன் குறைந்த கொள்ளளவில் வரும் கேமரா வட்டுகள் பெரும்பாலும் 5400 சுற்று வகையைச் சேர்ந்தவை என்பதால், மேலே சொன்ன எண்பது முறை என்பது இன்னும் குறையும். கேமராவுக்கு வாங்குங்கள், கேமுக்கு வேண்டாம்.

கேமரா வட்டுகளைப் பற்றிச் சொல்லும்போது பழைய வட்டுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதில் எனக்கு ஏற்பட்ட இழப்பு இன்றுவரை ஆறவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் என் சொந்தக் கணினிக்காக, புதிதில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று ஓரிடத்தில் ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கினேன். துடைத்துப் பளபளப்பாக நெகிழி உறையில் போட்டுக் கொடுத்தார்கள். நானும் சோதித்துப் பார்க்கவில்லை. நான்கு மாதத்தில் அது படிக்காமல் போய், எங்கள் அப்பச்சியின் மணிவிழாப் படங்கள் அத்தனையும் அதனோடு போயின. பிறகு வேறொருவர் அதைச் சோதித்தபோது ஓடிய நேரம் 31,000 மணியைத் தாண்டியிருந்தது தெரியவந்தது. ஒரு நாளைக்கு 24 மணி என்று வகுத்தால் மூன்றரை ஆண்டு இடைவிடாத ஓட்டம். யாருடைய வீட்டுக் கேமராப் பெட்டியிலிருந்தோ கழற்றியது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. பழைய வட்டை வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்கள், கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடிய மணிக்கணக்கும், 05 மற்றும் சி5 என்ற எண்களுக்கு நேரே "ரா வேல்யூஸ்" (Raw Values) என்ற பத்தியில் இருக்கும் மதிப்பும் அதில் தெரியும். முன்னது பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகளைக் காட்டும், பின்னது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளைக் காட்டும். இரண்டில் ஏதேனும் ஒன்று சுழியமாக இல்லையென்றாலும் பணத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய மரச்சாமானும் பீங்கானும் வாங்குகிறவர்கள் ஒவ்வொரு பொருளையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகே விலை கேட்பார்கள். அந்தப் பழக்கம் எனக்கு வட்டு வாங்கும்போது வராமல் போயிற்று.

கொட்டேஷனில் ஹார்டு டிஸ்க்கை நீக்கிவிட்டு, முழுத் தொகையையும் ஒரே 1 டிபி எஸ்எஸ்டியில் போடுவது என்று முடிவு செய்தோம். அடுத்து எழுந்தது சாட்டாவா, என்விஎம்இயா என்ற கேள்வி. சாட்டா என்பது ஹார்டு டிஸ்க் காலத்திலிருந்து வரும் பழைய இணைப்பு முறை; என்விஎம்இ என்பது மதர்போர்டின் பிசிஐஇ என்ற விரைவுப் பாதையைப் பயன்படுத்தும் புது முறை. சாட்டா எஸ்எஸ்டி நொடிக்கு 550 எம்பி அளவில் நின்றுவிடும். பிசிஐஇ மூன்றாம் தலைமுறை என்விஎம்இ 3500 எம்பி வரை போகும். எண்ணைப் பார்த்தால் ஆறு மடங்கு. விளையாட்டு திறக்கும் நேரத்தில் அந்த ஆறு மடங்கு தெரியாது. என் கணினியில் இருக்கும் சாட்டாவையும் பையனின் என்விஎம்இயையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது பெரும்பாலான விளையாட்டுகளில் சில நொடிகளே வேறுபாடு. திறக்கும் நேரம் முழுவதும் டிரைவின் கையில் இல்லை, விரித்தெடுத்து அடுக்கும் வேலையில் பெரும்பகுதி பிராசசருடையது என்பதே காரணம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5-இன் இணைய ஆட்டம் ஆண்டுக்கணக்கில் நிமிடக்கணக்காகத் திறந்துகொண்டிருந்ததற்கு, சுமார் 10 எம்பி அளவுள்ள ஒரே ஒரு பட்டியல் கோப்பை நிரல் திறமையற்ற முறையில் படித்ததே காரணம் என்று 2021-இல் வெளியாள் ஒருவர் கண்டுபிடித்தார். அவருடைய கணினியில் ஆறு நிமிடம் ஆனது, திருத்தத்துக்குப் பின் இரண்டு நிமிடத்துக்கும் கீழே வந்தது. எந்த விலையில் எஸ்எஸ்டி வாங்கியிருந்தாலும் அந்தத் தாமதம் தீர்ந்திருக்காது. ஆனாலும் இரண்டு வகைக்கும் விலை வேறுபாடு மிகச் சிறிதாக இருந்ததாலும், மதர்போர்டிலேயே செருகிவிடலாம், கேபிள் எதுவும் தேவையில்லை என்பதாலும் என்விஎம்இயையே எடுத்தோம்.

இங்கே இரண்டு இடங்களில் பணம் வீணாக வாய்ப்புண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அன்று. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள அதே பட்டை வடிவில் சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. உங்கள் மதர்போர்டின் எம்.2 செருகுமிடம் எதை ஏற்கும் என்பதை அதன் கையேட்டில் பார்க்காமல் வாங்கக் கூடாது. மற்றொன்று, நான்காம் தலைமுறை என்ற சொல்லுக்காக அதிக விலை தருவது. ஏ520 மதர்போர்டும் 5600ஜி பிராசசரும் மூன்றாம் தலைமுறையோடு நின்றுவிடுபவை. நான்காம் தலைமுறை டிரைவைச் செருகினாலும் வேலை செய்யும், ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் செய்யும்.

எஸ்எஸ்டியில் நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது உள்ளே இருக்கும் சில்லின் வகையை. ஒரு சிறு அறையில் மூன்று பிட்டுகளை வைப்பது டிஎல்சி, நான்கு பிட்டுகளை வைப்பது கியூஎல்சி. நான்கை வைத்தால் அதே இடத்தில் அதிகம் அடங்கும், விலை குறையும், ஆனால் எழுதுவது மெதுவாகும். அந்த மந்தத்தை மறைக்க பெரும்பாலான டிரைவுகளும் ஓர் உபாயம் செய்கின்றன: காலியாக இருக்கும் அறைகளில் முதலில் ஒரே ஒரு பிட்டை மட்டும் விரைவாக எழுதி வைத்துக்கொண்டு, ஓய்வு கிடைக்கும்போது அவற்றை மும்மூன்றாகவோ நந்நான்காகவோ அடுக்குகின்றன. எங்கள் ஊரில் கல்யாணத்துக்குச் சாமான் வந்து இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். லாரியில் வருகிற அண்டாவும் குண்டானும் முதலில் முகப்புத் திண்ணையில் கிடுகிடுவென்று இறங்கும். பிறகு ஆட்கள் நிதானமாக வளவைச் சுற்றியுள்ள அறைகளுக்குள் எடுத்துக்கொண்டுபோய் அடுக்குவார்கள். திண்ணை நிறைந்துவிட்டால் லாரி தெருவில் நிற்க வேண்டியதுதான். டிரைவிலும் அதுவே நடக்கிறது. முழுக்கக் காலியாக இருக்கும் 1 டிபி கியூஎல்சியில் திண்ணையின் அளவு அதிகபட்சமாக 250 ஜிபி இருக்கலாம். அதே டிரைவில் 900 ஜிபி நிரம்பிவிட்டால் மிச்சமுள்ள நூறில் நான்கில் ஒரு பங்கு, அதாவது 25 ஜிபிக்கு மேல் இருக்க வழியில்லை. நண்பர் ஒருவரின் கியூஎல்சி டிரைவில், ஏறக்குறைய நிரம்பிய நிலையில் ஒரு பெரிய விளையாட்டை நகலெடுத்தபோது, தொடக்கத்தில் பறந்த வேகம் சில நிமிடத்தில் நொடிக்கு நூறு எம்பிக்கும் கீழே இறங்கியதை நானே பார்த்தேன். அது ஹார்டு டிஸ்க்கைவிடக் குறைவு.

கடையில் கேட்டால் டிபிடபிள்யூ என்ற ஆயுள் எண்ணை, அதாவது மொத்தம் எத்தனை டெராபைட் எழுதலாம் என்ற கணக்கை வைத்து இதை விளக்குவார்கள். 2022-இல் வந்த குருஷியல் பி3 கியூஎல்சி வகை. அதன் 1 டிபிக்கு 220 டெராபைட் எழுதலாம் என்று உத்தரவாதம். டிஎல்சி வகையான டபிள்யூடி புளூ எஸ்என்580-க்கு அதே கொள்ளளவில் 600. பார்க்கப் பெரிய வேறுபாடுதான். ஆனால் 220 டெராபைட்டை ஐந்து ஆண்டுகளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 120 ஜிபி வருகிறது; எந்தக் கல்லூரி மாணவனும் ஐந்தாண்டு விடாமல் தினமும் அவ்வளவு எழுதப் போவதில்லை. எனவே கியூஎல்சி சீக்கிரம் செத்துவிடும் என்று அஞ்சி அதை ஒதுக்க வேண்டாம். வீட்டில் 60 எம்பிபிஎஸ் இணைப்பு இருந்தால் பதிவிறக்கம் நொடிக்கு ஏழரை எம்பிதான்; அந்த வரத்துக்குத் திண்ணை ஒருநாளும் நிறையாது. விளையாட்டை ஒருமுறை இறக்கி வைத்துப் பலமுறை படிப்பதற்கு, அதாவது இரண்டாவது டிரைவாக, கியூஎல்சி தாராளமாகப் போதும். முதல் கணினியின் ஒரே டிரைவாக அதை வைப்பதைத்தான் நான் தடுப்பேன். குறைந்த பணத்தில் வாங்குகிறவரின் டிரைவ் எப்போதும் நிரம்பியே இருக்கும், விண்டோஸும் அதிலேயே இருக்கும், திண்ணை சுருங்கிச் சுருங்கி அப்டேட் வரும் நாளெல்லாம் கணினி முனகும். சில டிரைவுகளில் சில்லின் வகையையே உறுதியாகச் சொல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்; கிங்ஸ்டன் என்வி2 என்ற பெயரில் டிஎல்சியும் வந்தது, கியூஎல்சியும் வந்தது, டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சில்லும் மாறி மாறி வந்தது.

ஆகவே நாங்கள் எடுத்தது டபிள்யூடி புளூ எஸ்என்580, 1 டிபி. நான்காம் தலைமுறைக்கு அதிக விலை தர வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதே தலைமுறை டிரைவை வாங்கியிருக்கிறீர்களே என்று கேட்கலாம். அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த டிஎல்சி டிரைவுகளில் ஐந்தாண்டு உத்தரவாதத்தோடு விலை குறைந்திருந்தது இதுவே. பெட்டியில் 4150 எம்பி என்று இருக்கிறது, பையனின் கணினியில் 3400-ஐ ஒட்டி நிற்கிறது, அதில் எனக்கு வருத்தம் இல்லை. எது எங்கே இருக்கிறது என்ற குறிப்பை வைத்துக்கொள்ள உதவும் டிரேம் என்ற தனி நினைவகம் இதில் கிடையாது. கணினியின் ரேமிலிருந்து சிறு பகுதியைக் கடன் வாங்கிக்கொள்கிறது. 16 ஜிபி உள்ள இடத்தில் அது தெரிவதே இல்லை.

ஏழு மாதத்தில் 700 ஜிபிக்கு மேல் நிரம்பியும் வேகத்தில் மாற்றம் காணவில்லை. எனக்கு இருந்த கவலை வெயிலைப் பற்றியது. கத்திரி வெயிலில் பள்ளத்தூரில் பிற்பகல் மூன்று மணிக்குக் கணினி ஓடினால் டிரைவ் சூடேறித் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமோ என்று அஞ்சினேன். பழைய வீட்டின் தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உதவின. நீண்ட விளையாட்டின் முடிவில் 60 டிகிரியைத் தாண்டியதே தவிர வேகம் விழவில்லை. மாடியில் ஓட்டு அறையிலோ தகரக் கூரையின் கீழோ வைப்பவர்கள் மட்டும் சில நூறு ரூபாயில் கிடைக்கும் அலுமினியத் தகடு ஒன்றை டிரைவின் மேல் ஒட்டிக்கொள்வது நல்லது. மின்வெட்டுக்கு 600 விஏ யூபிஎஸ் ஒன்றைக் கட்டாயமாக வைத்தோம். எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில் மின்சாரம் போவது எந்த டிரைவுக்கும் ஆகாது.

கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டேஷனை மாற்றச் சொன்னதும் கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "அண்ணே, இதைத்தான் எல்லாரும் கேக்குறாக, அதனால எழுதிப் போட்டேன். நீங்க சொல்றதை வரவழைச்சுத் தர்றேன்" என்றார். அவரிடம் அந்த டிரைவ் அன்று இல்லை. இரண்டு நாளில் சென்னையிலிருந்து தருவித்து, பெட்டியின் முத்திரையை எங்கள் கண் முன்னால் உடைத்துப் பொருத்தினார். இணையத்தில் பார்த்த விலையைவிட 300 ரூபாய் கூடுதல். அதைக் கொடுத்ததில் எனக்கு மனக்குறை இல்லை, ஏனெனில் டிரைவின் வரிசை எண்ணை எழுதிய ஜிஎஸ்டி பில் கிடைத்தது, பழுதானால் அனுப்பிப் பெற்றுத் தரும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். மதுரைக்கோ திருச்சிக்கோ நாமே எடுத்துக்கொண்டு அலைந்தால் ஒரு நாளும் பஸ் செலவும் போய்விடும். குறை என்று சொன்னால், டிஎல்சியா கியூஎல்சியா என்று கேட்டதற்கு அவரால் விடை சொல்ல முடியவில்லை. விண்டோஸைப் போட்டுக் கொடுத்தபோது டிரைவைத் தேவையில்லாமல் சி, டி, ஈ என்று மூன்றாகப் பிரித்திருந்தார். விளையாட்டுக் கணினியில் அப்படிப் பிரித்தால் மூன்று இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் காலியிடம் இருந்து, ஒரு பெரிய விளையாட்டுக்கு எங்குமே இடம் போதாமல் போகும். திரும்பவும் போய் ஒன்றாக்கி வாங்கினோம். அதற்குப் பணம் கேட்கவில்லை.

இன்னும் குறைந்த தொகை வைத்திருப்பவர்களுக்கு என் கருத்து: 1 டிபி கட்டுப்படியாகாவிட்டால் 500 ஜிபி டிஎல்சி ஒன்றை மட்டும் வாங்குங்கள். இரண்டு விளையாட்டுகளோடு ஓராண்டு ஓட்டலாம். மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர் தெரியாத 2 டிபி எஸ்எஸ்டியை இணையத்தில் வாங்காதீர்கள். உள்ளே 64 ஜிபி சில்லை வைத்து 2 டிபி என்று காட்டும் போலிகள் உலவுகின்றன. ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதித்துவிடுங்கள்.

பையனின் ஏ520 மதர்போர்டில் எம்.2 இடம் ஒன்றுதான், அது நிறைந்துவிட்டது. சாட்டா இணைப்புகள் நான்கும் காலியாக இருக்கின்றன. "அம்மான், தீபாவளிக்கு ஒரு சாட்டா எஸ்எஸ்டி போட்டுக்குவோமா?" என்று போன வாரம் கேட்டான். அப்போது கியூஎல்சியே போதும் என்று சொல்லியிருக்கிறேன். மதர்போர்டு பெட்டியோடு வந்த இரண்டு சாட்டா கேபிள்களும் அவனுடைய மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கின்றன.